மதகைத் தாண்டிய பியூகிள்

ஐந்தடிக்க ஐந்து நிமிடம். வாய்க்கால் மதகின் மேல் ஏறி நின்று, உதட்டை நாக்கால் இரண்டு முறை நனைத்து, பியூகிளை உயர்த்துகிறார் வைரக்கண்ணு. இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தை எழுப்பியவர் இப்போது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் தன் ஊரை எழுப்புகிறார். கொக்குகள் சிதறுகின்றன, நாய்கள் சுருதி சேர்க்கின்றன, நடவுக்குப் போகும் பெண்கள் கொண்டையை முடிந்துகொண்டே வேனுக்கு ஓடுகிறார்கள்.

"இதுக்குப் பேரு ரெவலி. பிரெஞ்சுக்காரன் வார்த்தை. 'முழிச்சுக்குங்க'ன்னு அர்த்தம். அவன்கிட்டேருந்து வெள்ளைக்காரன் எடுத்தான், வெள்ளைக்காரன்கிட்டேருந்து நம்ம பட்டாளம் எடுத்துச்சு, நான் காலனிக்குக் கொண்டாந்துட்டேன்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

முதல் நாள் ஊதியபோது, மேலத்தெருவில் ஓய்வுபெற்ற என்ஜினீயர் பஞ்சாபகேசன் காலனியில் சாவு என்று முடிவுகட்டிவிட்டார். "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்று விசாரித்தபடி ஒன்பது மணிவரை காபி குடிக்காமல் கிடந்தார். காலனிக்காரன் ஊதினால் சாவுக்குத்தான் ஊத வேண்டும். அதையும் மேலத்தெருவுக்குள் வராமல் மதகோடு நிறுத்த வேண்டும். ஊர் ஊராகப் பாலம் கட்டியவரின் மூளையிலும் இந்தச் சட்டம்தான்!

ஆறு மாதம் முணுமுணுத்தார். அதே ஆறு மாதத்தில் அலாரம் வைப்பதையும் விட்டுவிட்டார். கடைசியில், "அபசகுனம், நிறுத்தச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார்.

"செத்தவன எழுப்புறதுக்கு இல்லீங்க, தூங்குறவன எழுப்புறதுக்கு!" என்று வைரக்கண்ணு சிரித்தார்.

"ஒரு நாளு நிறுத்தித்தான் பாருங்களேன்" என்று கண்ணடித்தாள் மனைவி செவ்வந்தி.

நிறுத்தினார். மறுநாள் ஊரே குறட்டை விட்டது. நடவு வேன் காலியாகத் திரும்பியது. பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குச் சென்னை போக வேண்டிய பஞ்சாபகேசன் ஐந்தே முக்கால் பஸ்ஸைக் கோட்டைவிட்டார். எழுபது வயதில் முதன்முறையாகக் காலனிக்குள் வந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"ஏம்ப்பா... நாளைக்குக் காலம்பற பஸ்ஸையும் விட்டா நிச்சயதார்த்தமே போயிடும். ஊதிடேன்."

"ஊதுறேங்க. ஆனா எங்க நின்னு ஊதுறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"எங்க வேணா ஊது!"

மறுநாள் ஐந்தடிக்க ஐந்து நிமிடம். மதகில் யாருமில்லை. காலனியே வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் வர, மேலத்தெருவின் நட்டநடுவில் நடந்து, பஞ்சாபகேசனின் வாசலில் நின்றார் வைரக்கண்ணு. உதட்டை நாக்கால் இரண்டு முறை நனைத்தார்.