நாலு போத்தல் வாவி

பழுகாமத்துப் பக்கமிருந்து தோணியில் வந்து இறங்குகிறேன். காலைப் பனிமூட்டத்தில் வாவி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பையில், நாலு இடங்களில் அள்ளிய வாவித் தண்ணீர் நாலு போத்தல். கடலோடு கலக்கும் இந்த வாவியில் எங்கே எவ்வளவு உப்பு என்று எங்கள் பல்கலைக்கழகம் அரசாங்கக் காசில் செய்யும் ஆய்வுக்கு. கூட்டாக ஆராயும் நோர்வேப் பேராசிரியருக்கு யுத்தத்தால் இங்கே வர அனுமதி இல்லை. அதனால் தண்ணீர் அவரிடம் போகிறது என்று வரும் வழியில் தோணிக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

கரையிலுள்ள இராணுவக் காவலரணில் பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டுகிறேன். சிப்பாய் அதை வாசிக்கவில்லை.

"குடி," என்கிறான்.

இங்கே போத்தல் கொண்டுவருபவர், உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்தான் என்று குடித்துக் காட்டினால்தான் போகலாம். தண்ணீர் கெடக்கூடாதென்று, உதடு படாமல் அண்ணாந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடிக்கிறேன். சிப்பாய் கையசைத்து விடுகிறான்.

தோணிக்காரர் ஓடி வருகிறார். "குறைஞ்சு போச்சே சேர்! தாங்க, நிரப்பித் தாறன்." போத்தலைக் கரைத் தண்ணீரில் அமிழ்த்தப் போகிறார்.

"ஐயோ, வேணாம் அண்ணன்! அது வேற தண்ணி."

"எல்லாம் ஒரே வாவிதானே?"

"இல்ல. முதல் போத்தல்ல உப்பே இல்ல. கடைசி நல்லாக் கரிக்குது."

அவர் என்னையே பார்க்கிறார். "குடிச்சுப் பாத்தே சொல்லிட்டீங்க. பிறகென்னத்துக்கு இது நோர்வேக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன். வாய் முழுக்க வாவி.