குச்சியில் எனக்கு விற்காத காளான்

காலை ஆறரைக்கு வியட்நாமின் சைகோனில், குச்சி என்னும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கட்டணம் இருபதாயிரம் டாங். மழை விட்டபாடில்லை. கூட வந்தவர் ஹமீது காக்கா. காரைக்காலிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், தூரத்து உறவில் எனக்கு அண்ணன்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. நாகூரில் என் லாத்தாவுக்கு, என் அக்காவுக்கு, மார்பில் புற்றுக் கட்டி. மூன்று மாதத்துக்கு முன் இதே ஊரில் லின் சி காளான் பொடி வாங்கிப் போய், புற்றைக் கரைக்குமாம் என்று பெருமையாகக் கொடுத்தவன் நான்தான். கத்திக்குப் பயந்த லாத்தா அதைத் தேனில் குழைத்துத் தின்றுகொண்டு அறுவையைத் தள்ளிப்போட்டாள். நானும் சரி என்றேன். பொடி தீர்ந்துவிட்டது, அதற்குத்தான் இந்தப் பயணம்.

எட்டரைக்குக் காளான் பண்ணை. கீற்றுக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காக மரத்தூள் பைகள். அவற்றில் அரக்கு நிறக் காளான், தொட்டால் மரக்கட்டை. பண்ணைக்கார அம்மா லான், நோய்க்கென்று வாங்க வருகிறவர்களிடம் முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்பாராம். செல்போனில் இருந்த லாத்தாவின் சீட்டைக் காட்டினேன். லான் கேட்டதைக் காக்கா தமிழில் சொன்னார்:

"ஆப்பரேஷன் தேதி தாண்டிப் போச்சேன்னு கேக்குறாங்க தம்பி."

"காளான் பொடியத் தேன்ல கொழைச்சுச் சாப்புடுறாங்கன்னு சொல்லுங்க காக்கா."

லான் முகம் இறுகிவிட்டது. வெகுநேரம் பேசினார். காக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இதுல பாலிசாக்கரைடுன்னு ஒரு சத்து இருக்காம். ஒடம்போட எதிர்ப்புச் சக்தியத் தூண்டுமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். கட்டியக் கரைக்கும்னு யாரும் நிரூபிக்கலையாம். அந்தச் சத்தும் தண்ணியில ரொம்ப நேரம் கொதிக்க வச்சாத்தான் எறங்குமாம். தேன்ல கொழைச்சுப் பிரயோஜனமில்லையாம். ஆப்பரேஷன் நேரத்துல சாப்புட்டா ரத்தம் நிக்காமப் போகலாமாம். ஒனக்குத் தர மாட்டாங்களாம்."

கெஞ்சினேன். தேநீர் கொடுத்தார், காளான் கொடுக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதுவிட்டேன்.

பகல் ஒரு மணிக்குச் சைகோனின் பென் தான் சந்தையருகே இறங்கினோம். கடைக்குக் கடை அதே காளான்; சீட்டுக் கேட்பார் இல்லை. எதையும் வாங்காமல் நாகூருக்குப் போன் போட்டேன்.

"வாங்கிட்டியா தம்பி?"

"இல்ல லாத்தா. அது கட்டியக் கரைக்காதாம். நான் சொன்னது தப்பு. வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."



"நீ சொன்னேன்னுதானேடா மூணு மாசம் இருந்தேன்."



மாலை விமானம். போன தடவை இதே பெட்டியில் காளான் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன். இன்று நாலு கிலோகூட இல்லை. செல்போனை எடுத்து அந்தச் சீட்டை மறுபடி பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்தத் தேதி கண்ணில் உறுத்தியது. கூடப்பிறந்த எனக்கு உறுத்தவே இல்லை.