மேல்வரிசையில ஒரு பல்லு

ஆமாங்க, முன்பல்லுதான். கீழ விழுந்ததால இல்ல, தொழில்ல வந்த ஆட்டம். சாக்ஸபோனுக்கு மூச்சு இருந்தா போதும்னு எல்லாரும் நினைக்கறாங்க. மவுத்பீஸ் மேல முன்பல்ல ஊனிக்கிட்டுத்தான் ஊதணும், பல்லு ஆடினா மூச்சு இருந்தும் பிரயோஜனம் இல்ல. சனிக்கிழமை கச்சேரி. இன்னைக்கு டாக்டர் பிடுங்கணும்னு சொல்லிட்டா, அப்புறம் எப்ப ஊதுவேன்னு எனக்கே தெரியாது. வூட்டுக்காரி பிலோமினா கவுன்ட்டர்ல சீட்டு வாங்கிக்கினு இருக்கா. தாடையப் பிடிச்சுக்கினு உக்காந்திருக்கற நீங்களும் வேற என்ன பண்ணப் போறீங்க, கேளுங்க.

நான் வாசிக்கறது ஃப்ரீ ஜாஸ். மெட்டு கிடையாது, இத்தன தாளம்னு கணக்கும் கிடையாது. நாலு பேரு ஒருத்தர ஒருத்தர் காதுகுடுத்துக் கேட்டு, அப்பப்ப தோணறத வாசிக்கறது. இத புதுச்சேரி முதலியார்பேட்டையில பொறந்தவன் ஏன் வாசிக்கணும்னு கேக்காதீங்க. எங்கம்மாவும் அதத்தான் கேட்டாங்க.

பந்தி முந்திடுச்சு

ஆரம்பத்துல கல்யாண பேண்டுல இருந்தேன். ஒரு ரிசப்ஷன்ல சினிமாப் பாட்டு மட்டுந்தான்னு கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. ரெண்டு வரி ஒழுங்காத்தான் போனேன். மூணாவது வரியில விரல் என் பேச்சக் கேக்கல. எங்கெங்கியோ போயி, கண்ணத் தொறந்து பாத்தா ஹாலே காலி. மேடையில பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நிக்கறாங்க, அவங்களால எறங்க முடியாதே, பாவம்.

சமையல்காரர் கரண்டியோட ஓடி வந்தாரு: "அண்ணே, மொத்த ஜனமும் பந்திக்கு வந்துடுச்சு, நான் இன்னும் எலையே போடல. ஒரு பத்து நிமிஷம் தெரிஞ்ச பாட்டா வாசிச்சு இந்தாண்ட இழுங்க!"

கயிறோட வந்தவங்க

வூட்ல பழகறதுக்கு அக்கம்பக்கம் வுடல. சாயங்காலமா பிள்ளைச்சாவடிக்குப் போயி, கடலப் பாத்து அடிவயித்துலேர்ந்து ஒரு இழு இழுத்தேன். கொஞ்ச நேரத்துல ஆறேழு பேரு கயிறும் லாரி டியூபுமா ஓடி வராங்க. யாரோ முழுகறான்னு நினைச்சுட்டாங்க. சாக்ஸபோனத் தூக்கிக் காமிச்சேன். முன்னாடி வந்தவரு இடுப்புல கைய வச்சு மூச்சு வாங்கிட்டு, என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"யாருக்கும் ஒண்ணும் ஆவாமயா இந்தச் சத்தம்?"

முதல் வரிசை ரசிகர்

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கற பெரியவர் ஒருத்தர். எங்க கச்சேரி ஒண்ணு வுடமாட்டாரு. இஸ்திரி போட்ட சட்ட, முதல் வரிசை, நடு சீட்டு. ஒருத்தராவது இருக்காரேன்னு எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. ஒரு நாள் பக்கத்துல போயி, எங்க வாசிப்புல எது பிடிக்குதுன்னு கேட்டேன். கையக் குலுக்கிட்டு சொன்னாரு:

"மிசியே, இந்த ஹால்ல ஏ.சி. பிரமாதம். மத்த கச்சேரிக்கு எனக்கு முன்சீட்டு கெடைக்கறதில்ல."

குருசுக்குப்பத்துச் சாவு

ஒரு சாவு ஊர்வலத்துல மாதா கோயில் பாட்டு வாசிச்சிக்கினு வந்தேன். கல்லறை வாசல்ல என்ன அறியாம பாட்டு கழண்டு, ஒரு கத்தல் கெளம்பிடுச்சு. பேண்டு மாஸ்டர் முறைக்கறாரு. இன்னைக்கு அடி நிச்சயம்னு நிக்கறேன், செத்தவரோட பொண்ணு கூட்டத்த விலக்கிக்கினு நேரா எங்கிட்ட வந்துச்சு.

"எங்கப்பா கோவத்துல கத்துனா இப்டியேதாண்ணே இருக்கும். இன்னொரு வாட்டி ஊதுங்க."

அன்னைக்கு ஊதின மாதிரி அப்புறம் ஊதினதில்லீங்க. சரி, பல்லுக்கு வரேன்.

ரீடும் பல்லும்

மவுத்பீஸ்ல ரீடுன்னு மெல்லிசா ஒரு தட்டை இருக்கும், அது அதிர்ந்தாத்தான் சத்தம். ஒரு கச்சேரியில நடுவுல அது பொளந்துடுச்சு. கீச்சுன்னு ஒரு சத்தம், எனக்கே கூசிப்போச்சு. ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது! ஒருத்தர் கண் கலங்கி, "அந்த எடத்துல வானமே கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு சார்"ன்னாரு. ஸ்கூட்டர்ல திரும்பி வரும்போது பின்னாடியிருந்து பிலோமினா கேட்டா: "ரீடு போயிடுச்சா?"

இந்தப் பல்லு ஆட ஆரம்பிச்சு ரெண்டு மாசம். யார்கிட்டயும் சொல்லல. மேல் ஸ்தாயிக்குப் போனா வலியில உயிர் போவும், அதனால போவாமயே ஒப்பேத்தினேன். டிரம்ஸ் வாசிக்கற நம்மாளு, "அண்ணே, இப்பதான் உங்க வாசிப்புல ஒரு நிதானம் வந்திருக்கு"ன்னான். சந்தோஷமா வூட்டுக்குப் போனேன். பிலோமினா சோறு போட்டுக்கினே, தல நிமிராம கேட்டா:

"மேல ஏறவேண்டிய எடத்துலல்லாம் பயந்து திரும்பிடறீங்களே, எந்தப் பல்லு?"

அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். மவுத்பீஸ சட்டப் பையிலயே எடுத்தாந்திருக்கேன், வாயில வச்சுக் காமிச்சு, பிடுங்காம கட்டி நிறுத்த வழி இருக்கான்னு கேக்கணும்.

அதோ, பிலோமினா கையாட்றா: "அங்க வாயத் தொறந்தது போதும், உள்ள வந்து தொறங்க, டாக்டர் கூப்புடறாரு!"

இத்தன வருஷமா நான் என்ன ஊதறேன்னு ஊர்ல ஒருத்தருக்கும் புரியல, எங்க நோவுதுன்னு மட்டும் ஒருத்திக்குத் தப்பாமக் கேட்டுடுது, வரேங்க.