சுடாத கால்

ஆடி மாதம் எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் தீ மிதிப்போம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் நான் விட்டதில்லை. அந்தக் காலத்தில் நன்றாகச் சுடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவேன். வயசாக ஆகச் சூடே தெரியவில்லை. மற்றவர்கள் ஓட, நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி நிதானமாக நடந்தேன். "ஆத்தா அவ காலுக்கு அடியில கைய வெச்சினுகீறா" என்று குப்பமே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் திருவிழா முடிந்த பிறகு, வீடு துடைத்த மருமகள் தரையில் ரத்தம் பார்த்தாள். மீன் ரத்தமென்று துடைத்துவிட்டாள். மறுபடியும் ரத்தம்.

"அத்தே, கால காட்டு."

உள்ளங்காலில் புண். அதற்குள் ஒரு மீன் முள் குத்தி நின்றது. எனக்கு வலியே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் காலைத் தொட்டாள்.

"தெரியுதாம்மா?"

"இன்னாது?"

"தொட்டேனே."

"எப்போ தொட்ட?"

சர்க்கரை வியாதி காலின் உணர்ச்சியையே எடுத்துவிட்டது என்றாள். இனி வீட்டுக்குள்ளேயும் செருப்பு போட வேண்டும், தீ மிதித்தால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்றாள்.

"அது சக்கர இல்ல கண்ணு, ஆத்தா அருளு."

"சரிம்மா, அருளாவே இருக்கட்டும். மாத்திரையையும் போடுங்க."

போட்டேன். கட்டு மாற்றி மாற்றிப் புண்ணும் ஆறியது. ஆனால் இந்த ஆடி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தீயில் இறங்கினால் கால் போகும், இறங்காவிட்டால் வருஷா வருஷம் மிதிப்பேன் என்று ஆத்தாவிடம் சொன்ன சொல் போகும். எனக்குத் தம்பி முறையாகிற பூசாரியிடம் போனேன். டாக்டரம்மாவைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ சிரித்தான்.

"ஒனக்கு சுடவே இல்லன்னா, ஆத்தாவுக்கு நீ இன்னாத்தக்கா குடுத்த? சும்மா வாக்கிங் போய்ட்டு வந்துகீற."

எனக்கு வந்த கோபத்தில் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஆனால் அவன் கேட்டது என்னை விடவில்லை. மீன் அரியும்போதும் அதே கேள்விதான். கடைசியில் எல்லாவற்றையும் மருமகளிடம் சொன்னேன். "நான் எறங்குறேன் அத்தே, உனுக்காக" என்று அவளே காப்புக் கட்டிக்கொண்டாள்.

தீ மிதிக்கிற அன்றைக்கு, தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, காலில் செருப்போடு நின்றேன். கையில் மஞ்சள் தண்ணீர்க் குடம். நாலு பேர் என் செருப்பைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். மருமகள் ஓடி வந்து ஈர மணலில் குதித்தாள்.

"சுட்டுச்சாடி?"

"கேக்குற பாரு கேள்வி. உயிரே பூட்ச்சி அத்தே."

"நெஜமாவா? நல்லா சுட்டுச்சா?"

"நல்லாவே சுட்டுச்சி, தண்ணிய ஊத்து மொதல்ல."

சிரித்துக்கொண்டே குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் பட்டதும் அவள் கால்விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். ஆத்தாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.