கரப்பான் விட்டுப்போன மாதம்

எனக்குக் கரப்பான் வந்ததற்கு அத்தை சொன்ன காரணங்களை எல்லாம் நம்பினால், செகந்திராபாத்தில் ஒருவர்கூட நல்ல தோலோடு நடமாடியிருக்க முடியாது. கத்தரிக்காய் ஒரு காரணம். கருவாடு இன்னொரு காரணம். குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூட பெஞ்சு, என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா ஆசைப்பட்டுத் தின்ற மாங்காய் என்று எல்லாமே வரிசையில் வந்தன. "அம்புட்டும் கரப்பான் பண்டம். சொன்னா யாரு கேக்கா இந்த வீட்டுல?" என்பாள். அத்தை அப்பாவின் அக்கா. அல்வாலில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தாள். எங்கள் குடும்பம் திருநெல்வேலியை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தாலும் அவள் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து என்று எங்கெல்லாம் வியர்க்குமோ அங்கெல்லாம் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, ஆறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடியும் சிவக்கும். சொறியும்போது சொர்க்கம், கையை எடுத்ததும் எரியும். காலையில் தலையணை உறையில் இரத்தப் புள்ளிகள் இருக்கும். அம்மா அதை ஒன்றும் சொல்லாமல் உருவி வாளியில் போடுவாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பள்ளியில் வட்டமாகக் கைகோத்து ஆடுவோம். பக்கத்தில் நின்ற பெண் ஒருநாள் என் முழங்கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டு, "தூ நக்கோ" என்றாள். நீ வேண்டாம் என்று அர்த்தம். அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோனாள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

அருவருப்பில்லாமல் என்னைத் தொட்டவர் அப்பா ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை, பவுடர் செக்‌ஷனில். மாலையில் பைக் சத்தம் கேட்டதுமே களிம்பு டியூபை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை மடியில் போட்டு, ஊதி ஊதிப் பூசிவிடுவார். அம்மா பூசினால் எரிகிறது என்று கத்துவேன். அப்பா பூசினால் மூச்சு விடமாட்டேன். அவர் சட்டையில் ஒரு கசந்த வாடை அடிக்கும். அதுதான் அப்பா வாடை என்று அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அத்தை பார்த்தால் விடமாட்டாள். "ஊருக்கெல்லாம் மருந்து செய்யுதான். பெத்த பிள்ளைக்கு ஒரு மருந்து கொண்டாரத் துப்பில்ல." அப்பா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் களிம்பைப் பிதுக்குவார்.

எத்தனை டாக்டர்கள், எத்தனை தைலங்கள். ஊரிலிருந்து அருகம்புல் தைலம் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா வேப்பிலை அரைத்துக் கொடுத்தாள். கடைசியாக ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அப்பா ஷிப்ட் முடித்து அதே உடுப்போடு நேராக அங்கே வந்திருந்தார். டாக்டரம்மா சோப்பைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிறகு அப்பாவின் சட்டைக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலை எங்கே, பிள்ளைக்குக் களிம்பு பூசுவது யார் என்று தெலுங்கில் கேட்டார். அப்பா கொஞ்சம் பெருமையாகவே, "நேனே" என்றார், நான்தான் என்று. என்னை வெளியே போய் மீன் தொட்டியைப் பார்க்கச் சொன்னார்கள்.

உள்ளே பேசியதை, நான் காலேஜ் முடித்த பிறகுதான் அம்மா சொன்னாள். கம்பெனிப் பவுடர் இந்தப் பிள்ளையின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வருவது, மாற்றிக் குளித்தாலும் முழுக்கப் போகாது. ஒரு மாதம் அப்பா வீட்டுப் பக்கம் வராமல், பிள்ளையைத் தொடாமல் இருந்து பாருங்கள். குறைந்தால் காரணம் அதுதான். குறையாவிட்டால் வேறு ஏதாவது தேடுவோம்.

மறுநாள் அம்மா வீட்டுத் துணிமணிகளை எல்லாம் வெந்நீரில் போட்டாள். கம்பெனியில் ஓவர்டைம், மல்லாபூரில் கூட வேலை செய்பவர்களோடு ரூமில் தங்கப்போகிறேன் என்றார் அப்பா. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "சொறியாம இரி மக்ளே, என்ன?" என்றார். நான் காலைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அம்மா பின்னாலிருந்து கவுனைப் பிடித்து இழுத்தாள். "தொடாத ட்டி!"

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது என்னைத்தானே? நான் தொட்டால் அப்பாவுக்கும் வந்துவிடும் என்றுதான் புரிந்துகொண்டேன். ஆக, அப்பாவுக்கும் நான் நக்கோ.

அத்தையிடம் அம்மா உண்மையைச் சொல்லவில்லை. அத்தை காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் சர்ச் சபை முழுக்கத் தெரிந்துவிடும். தம்பி ஓவர்டைமில் கஷ்டப்படுகிறான், பிள்ளையோ சொறிந்து சாகிறது என்று அத்தை தானாகவே வெள்ளிக்கிழமை தோறும் எனக்காக உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அந்த வயதில் மனசாரச் செய்தாள்.

குறைந்தது. முதலில் கழுத்து காய்ந்தது. பிறகு நீர் கசிவது நின்றது. ஒருநாள் காலையில் அம்மா தலையணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஒரு புள்ளி இல்லை. இரவு முழுக்கத் தூங்கியிருந்தேன். கையை மடக்கி நீட்டினேன், வலிக்கவில்லை. அப்படி ஒரு சுகம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் பார்ப்பேன். தேய்த்த வெள்ளைச் சட்டையோடு ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருப்பார். ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி, "பாருங்கப்பா" என்று முழங்கையை நீட்டுவேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்ப்பார். "கொறஞ்சிருக்கு, என்ன?" என்பார். தொடமாட்டார்.

மாதம் முடிந்த ஞாயிறு, அத்தை போதகரிடம் சொல்லி அப்பாவைச் சாட்சி சொல்ல ஏற்பாடு செய்துவிட்டாள். சுகம் கிடைத்தவர்கள் சபை முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவது எங்கள் வழக்கம். சிலர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொடங்கி அரைமணி நேரம் சொல்லி எல்லாரையும் அழவைத்துவிடுவார்கள். அப்பாவும் அப்படிச் சொல்லுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் போய் மைக்கைப் பிடித்தார். "எம் பிள்ளைக்குச் சுகமாயிட்டு" என்றார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அவ்வளவுதான், போய் உட்கார்ந்துவிட்டார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?" என்று அத்தை பொருமினாள். எனக்கும் ஆத்திரமாக வந்தது.

அந்த ஒரு மாதம் அதற்குப் பிறகு முடியவே இல்லை. அப்பா வேறு வேலை தேடினார். அந்த வயதில், அந்தச் சம்பளத்துக்கு ஒன்றும் அமையவில்லை. மல்லாபூர் ரூமிலேயே இருந்துவிட்டார். முதல் மாதம் தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணி, குறைந்திருக்கிறதா என்று கேட்பாராம். குறைந்திருக்கிறது என்றால் ஸ்தோத்திரம் என்பாராம். ஒருநாள் மட்டும், "கொறையாம இருந்தா வீட்டுக்கு வந்திரலாமேன்னு நெனச்சிட்டேன் ட்டி. நானெல்லாம் ஒரு தகப்பனா?" என்று அழுதிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? சாட்சி சொன்ன அன்றும் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். தழும்புகூட இல்லாத இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "நல்லாயிட்டு மக்ளே, ரொம்ப நல்லாயிட்டு" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடாமல் காட்டிக்கொண்டே இருந்தேன்.