மூடாத இடக்கண்

ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகி என் சட்டையில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடப்பாதி தொங்கிக் கிடந்தது. கண்களை மூடினால் வலது மட்டுமே மூடியது.

"பக்கவாதம் இல்லை, பயப்படாதீங்க" என்றார் பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டரம்மா. "முக நரம்பு வீங்கியிருக்கு. மெல்ல மெல்லச் சரியாகும். அதுவரைக்கும் கண்ணைத்தான் காப்பாத்தணும்."

கண்மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் இருக்கிறதாம்; அதற்கும் மேலே, அதைவிட மெல்லிசாக எண்ணெய். இமை இறங்கி ஏறும்போதெல்லாம் இரண்டும் புதிதாகப் பரவும். இமை நின்றுவிட்டால் படலம் அங்கங்கே பிரிந்து கண் காய்ந்துபோகும். சொட்டு மருந்தும் களிம்பும் தந்தார். "ஞாபகம் வரும்போதெல்லாம் விரலால இமையை இறக்கி விடுங்க."

நினைக்காமலே நடந்துவந்த காரியத்தை நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. பருப்பு அடிப்பிடித்தது. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் கண்ணாடிக்குப் போனேன். கணவர் டிவி பார்த்தபடியே கையை நீட்டி என் இமையை இறக்கிவிடுவார்.

"என்னைச் சும்மா விடுங்க" என்று எரிந்து விழுந்தேன். கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாமல், லீவு முடியுமுன்பே நான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்குக் கிளம்பினேன். லுணுகலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னாலிருந்த ஜன்னல் மூடவில்லை. காற்று நேராகக் கண்ணில் அடித்தது. கையால் பொத்தினேன், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடிக்க அந்தக் கையும் வேண்டியிருந்தது. இறங்கியபோது எதிரே தேயிலை மலை புகைபோல மங்கித் தெரிந்தது. மருந்து விட்டும் தெளியவில்லை. கணவருக்கு போன் பண்ணினேன்.

தன் கடையைப் பூட்டிவிட்டு த்ரீவீலர் பிடித்து வந்தார். பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் என் இமையை விரலால் மூடிப் பிடித்திருந்தார்.

"இப்பவும் சும்மா விடணுமா?"

"வேணாம். பார்வை போயிருமாங்க?"

"தெரியலை" என்றார். பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது, பயமும் கூடியது.

கருவிழியில் சிராய்ப்புதான், ஆறிவிடும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆறியது. பல வாரம் கழித்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது இமை பாதிவரை தானாக இறங்கியது. பிறகு முழுதாகவே மூடத் தொடங்கியது.

இப்போது ஒரே ஒரு தொல்லை. சாப்பிடும்போது இடக்கண்ணில் நீர் வழிகிறது. எச்சில் சுரக்கவைக்கும் நரம்பு வழி மாறி கண்ணீர்ச் சுரப்பிக்கு வளர்ந்துவிட்டதாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "என்னங்க, யாராவது ஏதும் சொல்லிட்டாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க, சாம்பார் நல்லா இருக்கு" என்றேன்.