தாம்பரம் டு விழுப்புரம்: மின்சாரக் காரில் உண்மையில் என்ன மிச்சம்?

என் மனைவி செல்வி விழுப்புரத்தில் அரசு நர்ஸ். எனக்கு வேலை தாம்பரத்தில். கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்ததெல்லாம் சனி, ஞாயிறுதான். அதுவும் அவளுக்கு டியூட்டி இல்லாத நேரத்தில். பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் போய்க்கொண்டிருந்தேன். இனி வாராவாரம் போகலாம் என்றுதான், பெட்ரோல் மாடலைவிட ஆறு லட்சம் கூடுதலாகக் கொடுத்து மின்சாரக் கார் வாங்கினேன். போன சனிக்கிழமை அதில் முதல் பயணம். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். செல்விக்கு மதியம் ஒரு மணிக்கு டியூட்டி. எட்டரைக்குள் போய்விட்டால் முழுதாக நான்கு மணி நேரம் எங்களுக்கு. ஆனால் பேட்டரியில் அறுபது சதவீதம்தான் இருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கம் சார்ஜர் வைக்க விடவில்லை. மீட்டிங் போட்டுப் பேசலாம் என்கிறார்கள்; அந்த மீட்டிங்தான் வருவேனா என்கிறது.

ஒலக்கூர் தாண்டும்போதே பயம் வந்து ஏசியை அணைத்தேன். 97 கிலோமீட்டர் ஓட்டி, 7.40க்குத் திண்டிவனம் பைபாஸில் சார்ஜரைக் கண்டுபிடித்தபோது 25 சதவீதம் காட்டியது. விழுப்புரத்துக்கு இன்னும் 38 கிலோமீட்டர்தான், அப்படியே போயிருக்கலாம். புது வண்டிக்காரனுக்கு அந்தத் தைரியம் வராது. சார்ஜரில் ஏற்கெனவே ஒரு வாடகைக் கார் நின்றது.

"இன்னும் அரை அவரு ஆவும் சார்" என்றார் அதன் டிரைவர், ஓமந்தூர்க்காரர். அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டினார்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. "எங்க, பாண்டிக்கா?"

"விழுப்புரம். வீட்டுக்காரம்மா அங்கதான் வேலை பாக்குறாங்க."

போக வர 270 கிலோமீட்டருக்குப் பழைய காரில் பெட்ரோல் 1,800 ரூபாய், இதில் பொது சார்ஜரிலேயே சுமார் 900தான் என்று பெருமையடித்துக்கொண்டேன். வாராவாரம் வருவதற்காக ஆறு லட்சம் கூடுதலாகக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் மல்லாட்டையை உரித்துக்கொண்டே கணக்குப் போட்டார்.

"நான் தெனம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கினு கீறேன். ரெண்டு வருசத்துல போட்டத எடுத்துருவேன். உங்களுக்கு வாரத்துக்கு ஒரு தபாதான? அந்த ஆறு லட்சத்த எடுக்க பதிமூணு வருசம் இப்டியே வந்துக்கினு போய்க்கினு இருக்கணும் சார்."

பதிமூன்று வருடம்! அதற்கு மேல் மல்லாட்டை இறங்கவில்லை.

8.10க்கு இடம் கிடைத்தது. ஐம்பது நிமிடம், 22 யூனிட், 528 ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசை வேறு. கோலியனூர் சாலையில் இருக்கும் வீட்டை அடைந்தபோது மணி 9.45. பழைய கார் என்றால் எட்டரைக்கே சேர்ந்திருப்பேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நான் போட்ட எந்தக் கணக்கிலும் சேர்க்கவே இல்லை.

செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏங்க இவ்ளோ லேட்டு? எட்டு மணிலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல."

சாப்பிடும்போது டிரைவர் போட்ட கணக்கைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். தாம்பரம் பக்கமா கேட்டிருக்கேன். கெடைச்சுதுன்னா உங்க ஆறு லட்சம் போச்சு. பரவால்லையா?"

பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். 12.50க்கு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். அவள் உள்ளே போன பிறகும் வெகுநேரம் வண்டியை எடுக்க மனமில்லை.

தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களும், வீட்டிலேயே சார்ஜ் போட வழி உள்ளவர்களும் தயங்காமல் வாங்கலாம். கிளம்பும் முன் முழு சார்ஜ் போட்டுவிடுங்கள். வழியில் சார்ஜர் காலியாக இருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். என்னைப் போல வாரம் ஒருமுறை போகிறவர்கள், கூடுதல் விலையை ஒரு பயணத்தில் மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் வண்டியைப் பொறுத்தவரை, கவுன்சிலிங் முடிந்ததும் செல்வியை ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் போதும். போட்ட பணத்தை அது எடுக்கவே கூடாது.